மூட்டையும் பாக்கெட்டும்

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு அக்கா போன் பண்ணினார். மூன்று வருடமாக என்னிடம் பூண்டு வாங்குகிறவர். வருடத்துக்கு ஐந்து கிலோ, தவறாமல். இந்த முறை குரலிலேயே ஒரு சந்தோஷம்.

"தம்பி, எங்க அப்பார்ட்மென்ட்ல நாலு வீட்டுக்காரங்க கேக்குறாங்க. மொத்தமா இருபது கிலோ அனுப்ப முடியுமா?"

"அனுப்பிரலாம்க்கா" என்றேன். மனசுக்குள் கூட்டல் கழித்தல் ஓட ஆரம்பித்துவிட்டது. கூரியர் போக இவ்வளவு நிற்கும், அதில் மோட்டார் ரிப்பேர் பார்த்துவிடலாம் என்று.

"ஒண்ணே ஒண்ணு கேக்கச் சொன்னாங்கப்பா. இது ஃபுல் ஆர்கானிக்தானே? கெமிக்கல் உரம் எதுவும் போடலைல்ல?"

ஒரு நிமிஷம் பேசாமல் நின்றேன். அப்புறம் சொன்னேன். "மூட்டை உரமும் போட்டிருக்கேன்க்கா. முன்ன போட்டதுல பாதிதான். அதுகூட உயிர் உரமும் போட்டிருக்கேன்."

அந்தப் பக்கம் சத்தமில்லை. "சரி தம்பி, அவங்ககிட்ட கேட்டுட்டுச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். அதற்கப்புறம் போன் வரவில்லை.

அடுப்படியில் உட்கார்ந்து விதைப்பூண்டைப் பல் உடைத்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஆமான்னு சொல்லிட்டுப் போயிருந்தா என்ன? அவுக வந்து மண்ணத் தோண்டியா பாக்கப் போறாக?" என்றார்.

தோண்டிப் பார்க்க மாட்டார்கள்தான். ஆனால் அந்த "பாதி மூட்டை"க்கு நான் வந்து சேர எத்தனை போகம் ஆனது, அதில் எதையெல்லாம் தொலைத்தேன் என்பது எனக்குத் தெரியும். அந்தக் கதையை இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் கொடைக்கானல் மேல்மலை. பூம்பாறை, மன்னவனூர் பக்கமெல்லாம் சுற்றுலா வந்தவர்கள் மலைச்சரிவில் படிப்படியாக வெட்டிய தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப் படிகளில்தான் எங்களுக்கும் அரை ஏக்கர். மூன்று படி. பூண்டு, உருளை, கேரட், பீன்ஸ் என்று மாற்றி மாற்றிப் போடுவோம். வைகாசியில் ஊன்றுகிற பூண்டுதான் எங்களுக்கு முக்கியம். நாலு மாதப் பயிர். ஆவணி கடைசி, புரட்டாசியில் பிடுங்குவோம். கார்த்திகையிலும் சிலர் ஊன்றுவார்கள். இந்தக் கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அன்றைக்கு ஊரில் எல்லாருக்கும் ஒரு பெருமை. விலை மட்டும் மறுநாளும் பழைய விலைதான்.

பூண்டில் விதை என்றால் அந்தப் பூண்டேதான். ஒரு பல் ஊன்றினால் ஒரு பூண்டு. அரை ஏக்கருக்கு நூறு கிலோ விதைப்பூண்டு வேண்டும். பிடுங்கியதும் அம்மா முதலில் விதைக்கு எடுப்பார். பருத்தது, பல் சீராக இருப்பது, தோல் கிழியாதது. அதைத் தாளோடு கட்டுக்கட்டாகக் கட்டி அடுப்புக்கு மேலே இருக்கிற பரணில் தொங்கவிடுவோம். அடுப்புப் புகை தினமும் அதில் ஏறும். தாளும் தோலும் கருத்துப்போகும், உள்ளே பல் மட்டும் அப்படியே இருக்கும். விதைக்கு எடுத்தது போக மிச்சம்தான் சந்தைக்கு. புரட்டாசியில் பரணுக்குப் போனது, அடுத்த வைகாசி வரைக்கும் எட்டு மாதம் அங்கே நிற்க வேண்டும். நின்றால்தான் அடுத்த வருடம் எங்களுக்கு விவசாயம்.

அப்பா கல்யாணமான வருடத்திலிருந்து விதைப்பூண்டு விலைக்கு வாங்கினதே இல்லை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தாத்தா காலத்தில் தோட்டத்துக்குப் போனது எல்லாம் மாட்டுக்குப்பையும், சுமை தூக்குகிற குதிரைகளின் சாணியும்தான். நீங்கள் நினைக்கிற குப்பை இல்லை. எங்கள் பக்கம் தொழுவத்து எருவைத்தான் குப்பை என்போம். அப்பா காலத்தில் மூட்டை வந்தது. அவர் அதைப் பற்றிப் பேசும்போது முகத்தில் நன்றி தெரியும். "மொத மொத ஒரு மூட்டை காம்ப்ளெக்ஸ் போட்ட வருசம், பூடு ஒவ்வொண்ணும் எலுமிச்சங்கா தண்டி. அந்த வருசந்தான் இந்த வீட்டுக்குக் கூரைய எடுத்துட்டு ஓடு போட்டேன்." அக்கா கல்யாணமும் மூட்டை போட்டு எடுத்த பூண்டில்தான் நடந்தது. நகரத்தில் யாராவது "விவசாயிங்க பேராசைல கெமிக்கல் போடுறாங்க" என்று எழுதினால் எனக்கு அந்த ஓட்டு வீடுதான் நினைவுக்கு வரும்.

ஆனால் ஒரு மூட்டையில் வந்த விளைச்சலுக்கு இரண்டு தேவைப்பட்டது. அப்புறம் மூன்று. 2020ல் கோயம்புத்தூர் வேலையை விட்டு நான் ஊருக்கு வந்தபோது, அரை ஏக்கருக்கு ஆறு மூட்டை காம்ப்ளெக்ஸ் போட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் "பூடு ஊதட்டும்" என்று ஒரு யூரியா வேறு. பூண்டு ஊதியது நிஜம். பிடுங்கும்போது பார்க்க ஆசையாக இருக்கும். பரணுக்குப் போனால்தான் விஷயம் தெரியும். மார்கழிக்குள் கட்டுக்குக் கட்டு லேசாகிவிடும். விரலால் அழுத்தினால் உள்ளே பஞ்சு. தை பிறந்தால் பச்சை மூக்கு நீட்டி முளைக்க ஆரம்பிக்கும். நூறு கிலோ விதைக்காக அம்மா நூற்றைம்பது கிலோ கட்டித் தொங்கவிட வேண்டியிருந்தது.

ஊருக்கு வந்த அடுத்த வருடம் உயிர் உரம் பற்றி ஒரு நாள் பயிற்சிக்குப் போனேன். அசோஸ்பைரில்லம் என்கிற பாக்டீரியா வேர் பக்கத்தில் இருந்துகொண்டு காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தழைச்சத்தாக்கும். பாஸ்போபாக்டீரியா, மண்ணில் பூட்டிக் கிடக்கிற மணிச்சத்தைத் திறந்து வேருக்குக் கொடுக்கும். ஒரு பாக்கெட் 200 கிராம், விலை ஒரு டீ, வடைக் காசுக்குக் கொஞ்சம் கூட. கேட்டுக்கொண்டிருந்தபோதே எனக்குள் விளக்கு எரிந்துவிட்டது. மூட்டைக்கு அழுகிற பணம் முழுக்க மிச்சம் என்று நினைத்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம், "கீழ்ப்படிய எனக்குக் குடுங்க. கார்த்திகைப் பூடு போடுறேன். மூட்டையே தொடமாட்டேன்" என்றேன்.

அப்பா பாக்கெட்டைப் பிரித்துப் பார்த்தார். உள்ளே கருப்பாகப் பொடி. "என்னப்பா இது, கரித்தூளு?" என்றார்.

"உள்ள கோடிக்கணக்குல உசுரு இருக்குப்பா."

"இருந்தாச் சரி" என்று கொடுத்துவிட்டார்.

கீழ்ப்படி பதினைந்து சென்ட். அதற்கு முப்பது கிலோ விதை வேண்டும். வைகாசிக்கென்று பரணில் கட்டியிருந்ததில் நல்ல கட்டுகளாகப் பார்த்து நான்தான் இறக்கினேன். அம்மா ஏதோ சொல்ல வந்து சொல்லாமல் விட்டார்.

குப்பை கொஞ்சம்தான் இருந்தது. அதுதான் போட்டேன். பாக்கெட்டுகளைக் கலந்து தூவினேன். ஊன்றினேன். முளைப்பு நன்றாகத்தான் இருந்தது. மார்கழி வந்தது. எங்கள் பக்கம் மார்கழி, தையில் விடிகாலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி படுத்திருக்கும். நாற்பது நாளில் தாளின் நுனி மஞ்சள் கட்டியது. ஐம்பது நாளில் பாதித் தாள் மஞ்சள். அப்பா தினமும் அந்த வரப்பில் நடந்து போவார், நின்று பார்ப்பார், ஒரு வார்த்தை பேச மாட்டார். "ஒரு கை யூரியா போட்ரவா?" என்று ஒரே ஒரு நாள் கேட்டார். "வேணாம்" என்றேன். கௌரவம்.

மாசி கடைசியில் பிடுங்கினோம். வழக்கமாக 350 கிலோ வருகிற இடம். 130 கிலோ வந்தது. முக்கால்வாசி கோலிக்குண்டு. அதில் விதைக்கு எடுக்க ஒரு கட்டுகூடத் தேறவில்லை.

வைகாசி வந்தபோது பரணில் இருந்த விதை பற்றவில்லை. அப்பா வேட்டியை மாற்றிக்கொண்டு கீழே இறங்கி வடுகபட்டிச் சந்தைக்குப் போய், முதல் முறையாக விதைப்பூண்டு விலைக்கு வாங்கி வந்தார். சாக்கைத் திண்ணையில் இறக்கி வைத்துவிட்டு, "காசு போனாப் போகுது. வீட்டு விதை போச்சேப்பா" என்றார். அவ்வளவுதான். அதற்கு அவர் திட்டியிருக்கலாம்.

அந்த வைகாசியில் நான் புத்திசாலியாகிவிட்டதாக நினைத்தேன். வெறும் உயிர் உரம் போதாது, சரி. இரண்டையும் போட்டுவிடுவோம். ஆறு மூட்டையை ஐந்தாகக் குறைத்தேன். ஊன்றுகிற அன்று காலை தார்ப்பாயை வெயிலில் விரித்து, காம்ப்ளெக்ஸ் மூட்டையைக் கொட்டி, அதன் மேலேயே பாக்கெட்டுகளையும் பிரித்துக் கொட்டி, மண்வெட்டியால் பிரட்டிப் பிரட்டிக் கலந்தேன். அழுகல் வராமலிருக்க டிரைக்கோடெர்மா ஒரு பாக்கெட் வாங்கியிருந்தேன், அதையும் சேர்த்தேன். விதைப்பல்லை வழக்கம்போல பூஞ்சண மருந்தில் நனைத்து எடுத்தோம். பாக்கெட்டுகள் வாங்கிய கடை தகரக் கூரை போட்டது. அலமாரி மேல்தட்டில் இருந்து தூசி தட்டிக் கொடுத்தார்கள். தேதியை நான் பார்க்கவில்லை.

விளைச்சல் வந்தது. ஐந்து மூட்டைக்கு எவ்வளவு வருமோ அவ்வளவு வந்தது. பாக்கெட் போட்டதற்கான அடையாளம் எதுவும் இல்லை. பரணில் போட்டது தையில் மூக்கு நீட்டியது, பழையபடியே.

அந்த வருடம்தான் தோட்டக்கலை ஆபீஸிலிருந்து ஒரு மேடம் எங்கள் பக்கம் வந்தார். சின்ன வயது. வரப்பில் நின்று நான் செய்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் கேட்டார். கேட்டு முடித்துவிட்டு, "மீனை உப்புல போட்டா என்ன ஆகும்ணே?" என்றார்.

"கருவாடு ஆகும்."

"அதேதான். உயிரோட இருக்கறத கொண்டுபோய் உர உப்போட சேர்த்து வெயில்ல காய வச்சிருக்கீங்க. அதுல எது மிஞ்சும்? அந்த டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சைதான். பூஞ்சைய கொல்ற மருந்துல பல்லை நனைச்சிட்டு அதே குழியில அதையும் போட்டா?"

அப்பா சிரித்தது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஆனால் மேடம் அவரையும் விடவில்லை. மண்ணை எடுத்துப் போய்ப் பரிசோதனைக்குக் கொடுத்தார். மண்ணில் அமிலத்தன்மை அதிகம் என்று வந்தது. பிறகு பொறுமையாக விளக்கினார். எங்கள் மலை மண்ணில் இரும்பும் அலுமினியமும் கூடுதல். மூட்டையில் போடுகிற மணிச்சத்தில் பெரும்பகுதியை அவை பிடித்து வைத்துக்கொள்கின்றன. பயிருக்குக் கிடைப்பது கொஞ்சம்தான். அதனால்தான் வருடா வருடம் மூட்டை கூடுகிறது. யூரியாவும் அம்மோனியா உரமும் தொடர்ந்து போட்டால் மண் இன்னும் புளிக்கும். பூட்டு இன்னும் இறுகும். பாஸ்போபாக்டீரியா சுரக்கிற கரிம அமிலம் அந்த இரும்பைத் தான் பிடித்துக்கொண்டு மணிச்சத்தை விடுவிக்கும். ஆனால் மண் ரொம்பப் புளித்துக் கிடந்தால் அந்த பாக்டீரியாவுக்கே அங்கே குடியிருக்க முடியாது.

"என்னோட மொத வருசம் ஏன் மேடம் அப்படி ஆச்சு? அதுல உப்பே இல்லையே?" என்று கேட்டேன்.

"குளிர்ணே. அசோஸ்பைரில்லத்துக்கு முப்பது டிகிரி சூடு பிடிக்கும். உறைபனியில அது சுருண்டுதான் கிடக்கும். பூண்டுக்கோ முதல் நாற்பத்தஞ்சு நாள்லதான் தழைச்சத்து வேணும். அப்புறம் அதுக்குச் சாப்பிட என்ன வச்சிருந்தீங்க? குப்பைதான் அதுக்குச் சோறு. நீங்க ஆளைக் கூட்டிட்டு வந்து பட்டினி போட்டுட்டீங்க. எல்லாம் சரியா இருந்தாலும் தேவையில கால் பங்கு தழைச்சத்தத்தான் அதை நம்பிக் குறைக்கலாம். மீதியைக் குப்பையும் மூட்டையும்தான் குடுக்கணும்."

இன்னொன்றும் சொன்னார். மண்ணில் யூரியா ஏராளமாகக் கிடந்தால் அந்த பாக்டீரியா காற்றிலிருந்து நைட்ரஜன் பிடிக்கிற வேலையை நிறுத்திவிடுமாம். அப்பாவுக்கு இது உடனே புரிந்தது. "ஆக்குன சோறு சட்டி நெறைய இருந்தா எவன் அடுப்புப் பத்த வைப்பான்?" என்றார்.

2023 வைகாசிக்கு, ஒன்றரை மாதம் முன்பிருந்தே வேலையை ஆரம்பித்தோம். முதலில் மண்ணின் புளிப்பு குறைய டோலமைட் சுண்ணாம்பு போட்டுக் கொத்திவிட்டோம். நாலு மாடு இருந்த வீட்டில் இப்போது ஒரே மாடு. அதனால் பக்கத்து ஊரில் குப்பை விலைக்கு வாங்கிக் குதிரையில் கொண்டுவந்தோம். அதில் ஒரு பங்கைத் தனியாகக் கொட்டகை நிழலில் குவித்து, பாக்கெட்டுகளைக் கலந்து, ஈரச் சாக்கு போட்டு மூடி ஒரு பத்து நாள் வைத்தால் பாக்டீரியா அதில் பெருகும் என்பது மேடத்தின் கணக்கு. இந்த முறை பாக்கெட் தேதி பார்த்து ஆபீஸிலேயே வாங்கி, ஈரத்துணி சுற்றிக் கொண்டுவந்திருந்தேன்.

குவியல் தயார். பாக்கெட்டைப் பிரிக்கப் போனேன். அப்பா, "இரு" என்றார். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு, குவியலுக்குள் முழங்கை வரை கையை விட்டார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தார்.

"உள்ள கொதிக்குது. இது இன்னும் மக்கவே இல்லை. இப்பப் போட்டா உன் உசுரெல்லாம் வெந்துரும். ஒரு வாரம் போகட்டும். ரெண்டு தடவை பிரட்டி விடு."

எனக்கு அது தோன்றவே இல்லை. பயிற்சியில் எழுதிய நோட்டில் "நன்கு மக்கிய தொழு உரம்" என்று என் கையெழுத்திலேயே இருந்தது. மக்கியதா என்று எப்படிப் பார்ப்பது என்றுதான் நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது அப்பாவின் கையில் இருந்தது. அந்த ஒரு வாரமும் அவர்தான் குவியலைப் பிரட்டினார். சூடு தணிந்த பிறகு அவர்தான் "இப்பப் போடு" என்று சொன்னார். கலந்து வைத்த பிறகு ஒரு ராத்திரி கோடைமழை அடித்தது. டார்ச் லைட்டும் தார்ப்பாயுமாக எனக்கு முன்னால் கொட்டகைக்கு ஓடினதும் அவர்தான்.

காம்ப்ளெக்ஸ் உரத்தை ஊன்றுவதற்குப் பத்து நாள் முன்பே, கடைசிக் கொத்தில் மண்ணோடு கலந்துவிட்டோம். ஆறு மூட்டை இல்லை, மூன்று. பாக்டீரியா கலந்த குப்பையை ஊன்றுகிற அன்று சாயங்காலம், வெயில் இறங்கின பிறகு, கோடு இழுத்த பள்ளத்தில் போட்டு அதன் மேல் பல்லை ஊன்றினோம். பூஞ்சண மருந்து இல்லை. காயம்பட்ட பல்லை அம்மாவும் அத்தையும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துவிட்டார்கள். நாற்பத்தைந்தாம் நாள் களை எடுத்த கையோடு கொஞ்சம் யூரியா, மேலுரமாக. அதற்குப் பிறகு எதுவும் இல்லை. அப்பாவின் "ஊதட்டும்" யூரியாவை நிறுத்தத்தான் பெரிய பஞ்சாயத்து. கடைசியில் நைட்ரஜன் ஏறினால் பூண்டில் நீர்தான் கோக்கும், பரணில் நிற்காது என்று மேடம் சொல்லியிருந்தார். அம்மாதான் தீர்ப்புச் சொன்னார். "பரண்ல ஏறி இறங்குறவ நானு. போட வேணாம்."

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், அதிசயம் எதையும் எதிர்பார்க்காதீர்கள். அரை ஏக்கருக்கு ஆறு மூட்டைக் காலத்தில் 1,300 கிலோ வரும். அந்த வருடம் 1,250 கிலோ வந்தது. பூண்டு பழைய அளவுக்கு ஊதவும் இல்லை. கொஞ்சம் சிறிசு, ஆனால் இறுக்கம். பிடுங்கும்போது வேர் மட்டும் தாடி மாதிரி அடர்ந்து இருந்தது, மண்ணை விட மாட்டேன் என்று பிடித்துக்கொண்டு வந்தது. மூன்று மூட்டைக் காசு மிச்சம். அதில் பாதி வாங்கின குப்பைக்குப் போனது.

வித்தியாசம் பரணில்தான் தெரிந்தது. மார்கழியில் அம்மா கட்டை இறக்கி அழுத்திப் பார்த்தார். கல். தையில் பார்த்தார். கல். அந்த 2024 தை, மாசியில் பூண்டு விலை கிலோ 400 ரூபாயைத் தாண்டியது உங்களுக்கும் நினைவிருக்கும். நீங்கள் கடையில் பார்த்து மலைத்த அதே நாட்களில் எங்கள் வாசலில் வியாபாரிகள் வந்து நின்றார்கள். "விதைய இறக்கிக் குடுங்க, சொன்ன விலை தர்றோம்." முந்தைய வருடங்கள் மாதிரி முளைவிட்டுப் போயிருந்தால் அந்த விலைக்கு நாங்கள்தான் வாங்கப் போய் நின்றிருப்போம். எங்களால் முடிந்திருக்காது. அந்த வைகாசி தோட்டம் சும்மா கிடந்திருக்கும். அப்பா விதை போக உபரியாக இருந்த இருபது கிலோவை மட்டும் கொடுத்தார். சித்திரையில் மொத்தக் கட்டும் இறக்கி எண்ணியபோது, நூற்றுப் பத்துக் கிலோவில் ஐந்து கிலோதான் கழிவு.

அப்பா ஒரு பூண்டை எடுத்துக் கட்டைவிரலால் அழுத்தினார். அழுங்கவில்லை. "பழைய பூடு மாதிரி இருக்கு" என்றார். அவர் எனக்குக் கொடுத்த ஒரே பாராட்டு அதுதான்.

இதில் பாக்கெட்டுக்கு எவ்வளவு பங்கு, சுண்ணாம்புக்கு எவ்வளவு, கடைசி யூரியாவை நிறுத்தியதற்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. எல்லாம் சேர்ந்துதான் நடந்தது. ஒன்று மட்டும் சொல்வேன். மூட்டை என்பது கடையில் வாங்கிப் போட்டுவிட்டு வந்துவிடுகிற சமாச்சாரம். பாக்கெட் அப்படி இல்லை. அது ஒரு கன்றுக்குட்டி வாங்குகிற மாதிரி. நிழல் வேண்டும், ஈரம் வேண்டும், தீனி வேண்டும், ஆகாததைப் பக்கத்தில் வைக்கக் கூடாது. கவனித்தால் பால் வரும். வாங்கிக் கட்டிவைத்துவிட்டு மறந்தால் செத்துப்போகும்.

அப்புறம் ஏன் அந்த மூன்று மூட்டையையும் விடவில்லை என்று கேட்பீர்கள். கணக்குச் சொல்கிறேன். பூண்டுக்கு ஏக்கருக்கு இருபது டன் தொழு உரம் போடச் சொல்கிறார்கள். எங்கள் அரை ஏக்கருக்குப் பத்து டன். ஒரு மாடு நாளைக்குப் பத்துக் கிலோ சாணி போட்டால் வருடத்துக்கு மூன்றரை டன். அது மக்கிக் காயும்போது இன்னும் குறையும். அப்படியானால் பூண்டுக்கு மட்டுமே நாலைந்து மாடு வேண்டும். அப்பாவுக்கு முட்டி வலி, மேய்க்க ஆள் இல்லை. கீழேயிருந்து லாரியில் ஏற்றினால் மலை ஏறி வருவதற்குள் குப்பை விலை மூட்டை விலையைத் தாண்டிவிடுகிறது. குப்பை இல்லாமல் மூட்டையை நிறுத்தினால் என்ன ஆகும் என்று கீழ்ப்படியில் ஒரு தடவை பார்த்துவிட்டேன். இன்னொரு தடவை அம்மாவின் பரணை வைத்து விளையாட எனக்குத் தைரியம் இல்லை.

முழுக்க இயற்கையில் விளைவிக்கிறவர்கள் இருக்கிறார்கள். மாடும் ஆளும் வைத்து, வருடக் கணக்கில் மண்ணைத் தயார் செய்து செய்கிறவர்கள். அவர்கள் பூண்டுக்கு நீங்கள் கூட விலை கொடுப்பது நியாயம்தான். அந்த விலைக்கு நான் "ஆமாக்கா" என்று சொன்னால், அது அவர்கள் பரணில் இருந்து திருடுகிற மாதிரி.

அந்த இருபது கிலோ இன்னும் பரணில்தான் இருக்கிறது. இந்த வாரம் போன் வராவிட்டால் மற்றதோடு சேர்த்து வடுகபட்டிக்குப் போகும். அங்கே பருமன் பார்ப்பார்கள், நிறம் பார்ப்பார்கள், எடை பார்ப்பார்கள். உரம் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்க மாட்டார்கள். அந்த அக்காவாவது கேட்டாரே என்று நினைத்துக்கொள்கிறேன்.

நேற்று ராத்திரி சாப்பிடும்போது, "இந்த வைகாசிக்கு மூணு மூட்டைய ரெண்டாக்கிப் பாப்பமா?" என்று அப்பாவிடம் கேட்டேன்.

அவர் கஞ்சியைக் குடித்து முடித்து, கும்பாவைக் கீழே வைத்தார்.

"மொதல்ல இன்னொரு மாடு வாங்கு. அப்புறம் பேசு."